பிஸ்கட் டின்னில் தாத்தாவின் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தித் திருத்தியே கண்ணாடி போட்டவன். சில வருடங்களாகத் தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் வீட்டில் கிடந்த பழைய கடிதங்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பத்துக்கு ஏழு பேர் காங் குவான் பிஸ்கட் டின்னோடுதான் வருவார்கள். கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். சிங்கப்பூர் தேக்கா காப்பிக் கடையில் உட்கார்ந்து வாயால் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனாலும் தாத்தாவின் கடிதத்தில் பாதி புரியவில்லை. ஏன்?

உங்கள் தமிழில் குறையில்லை. எழுத்தே வேறு. நீங்கள் பள்ளியில் படித்த ணா, றா, னா, லை, னை எல்லாம் சீர்திருத்திய வடிவங்கள். பெரியார் 1935-இல் தம் குடி அரசு இதழில் பயன்படுத்தத் தொடங்கியதைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. பிறகு இங்கேயும் அதுவே பாடப்புத்தகத்துக்கு வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் லை எழுதும்போது ல-வின் தலைமேல் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவைத் தூக்கிவிடுவார்கள். ணா, றா, னாவுக்குத் தனிக் கால் கிடையாது. எழுத்தின் வாலே சுருண்டு கீழே இறங்கும். இந்த ஏழெட்டு வடிவங்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் கண் பழகிவிடும்.

அடுத்தது, இடைவெளி. சொல்லுக்குச் சொல் இடம் விடும் பழக்கம் பலருக்கு இல்லை. ‘இவ்விடம்யாவரும்நலம்அவ்விடம்நலமறியஅவா’ என்று ஒரே மூச்சாக ஓடும். புள்ளியையும் எதிர்பார்க்காதீர்கள். ஏட்டில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்ட பழக்கம் காகிதத்துக்கு வந்த பிறகும் சிலர் கையில் நின்றுபோனது. போதாக்குறைக்கு ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத சொல் காதில் பிடிபடும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். துதிக்கை லை இருப்பதால் கடிதம் 1978-க்கு முந்தியது என்று முடிவு கட்ட வேண்டாம். அது எழுதியவர் எந்தக் காலத்தில் படித்தார் என்பதைத்தான் சொல்லும். என் அத்தை 1990-களிலும் துதிக்கையோடுதான் எழுதினார்.

தேதி இருக்கும் இடத்தில் ஏதோ கிறுக்கல்கள் இருக்கின்றனவே?

கிறுக்கல் இல்லை, குறிகள். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள். ௹ ரூபாய், ௸ மேற்படி. செட்டியார்கள் தங்கி வட்டித்தொழில் செய்த கிட்டங்கியில் கணக்கெழுதிய கையில் பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ இரண்டும் வரும். மேற்படிக் குறியை இளையவர்கள் ‘ஷை’ என்று படித்துவிட்டு, ‘ஷையார் யார் சார்?’ என்று கேட்பார்கள். மேற்படியார்தான் அவர்.

என் தாத்தாவுக்கு ஊரிலிருந்து வந்த ஒரு கடிதத்தின் வலது மூலையில் ‘விய ௵ ஆவணி ௴ ௰௨ ௳’ என்று இருக்கிறது. ௰ பத்து, ௨ இரண்டு. ஆக ஆவணி 12. விய வருடம் 1946 ஏப்ரலில் பிறந்தது. எனவே 1946 ஆகஸ்ட் கடைசி வாரம். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது. 1886-லும் விய உண்டு, 2006-லும் உண்டு. தாளையும் மையையும் பார்த்தால் எந்தச் சுற்று என்பது தெரிந்துவிடும். இந்தக் கடிதத்துக்குக் கடைசியில் மறுபடி வருகிறேன்.

எல்லாக் கடிதத்திலும் ‘நலம், நலமறிய ஆவல்’தான். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

சொற்கள் ஒன்றுபோல இருப்பது உண்மை. கடிதம் பலர் முன்னால் உரக்கப் படிக்கப்படும் என்று எழுதுபவருக்குத் தெரியும். எழுதியவரே வேறு ஆளாக இருக்கலாம். சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுப் பையன் எழுதியிருப்பான். அதனால் மனத்தில் இருப்பது வாசகத்தில் வராது. தாளில்தான் வரும். எந்த வரியில் பேனா நின்று மை கொட்டியிருக்கிறது, எந்தப் பெயர் மட்டும் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது, எதை எழுதி அடித்திருக்கிறார்கள், எங்கே கை அவசரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். படிப்பது அப்புறம் ஆகட்டும். முதலில் கடிதத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, கோலத்தைப் பார்ப்பது போல ஒரு நிமிடம் பாருங்கள். தலைகீழாக இருந்தால் மூளை படிக்க முயலாது. கண்ணுக்கு வேலை வரும்.

ஓர் அம்மா கொண்டுவந்த கடிதத்தில் ‘அப்பாவுக்கு உடம்பு சுகமே’ என்று ஒரு வரி. அதுவரை சீராக வந்த கை அந்த வரியில் மட்டும் கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. ‘சுகமே’ என்ற சொல்லின்மேல் இரண்டு தடவை மை ஓடியிருந்தது. அடுத்த கடிதம் காரியத்தைப் பற்றியது.

மேலே ‘உ’ போட்டிருக்கிறதே, அது என்ன? மூலையில் மஞ்சள் கறை வேறு.

உ பிள்ளையார் சுழி. அதற்கும் கீழே சிவமயம், முருகன் துணை, ஸ்ரீராமஜெயம் என்று அவரவர் தெய்வம். முஸ்லிம் குடும்பங்களில் 786, கிறிஸ்தவர்கள் சிறிய சிலுவை. சுழியை மட்டும் பத்துக் கடிதங்களில் வரிசையாகப் பார்த்தாலே ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். ஒருவர் சுழிக்குக் கீழே இரட்டைக் கோடு போடுவார், இன்னொருவர் வாலை இழுத்துத் தாளின் பாதிவரை கொண்டுபோவார். என் கணிப்பில் கையெழுத்தைவிடச் சுழிதான் நம்பகமானது. கையெழுத்து வயதானால் நடுங்கும். சுழி அவ்வளவாக மாறாது.

மஞ்சள் கறை அழுக்கில்லை. நல்ல செய்தி கொண்டுவரும் கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புவார்கள். தயவுசெய்து துடைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் மஞ்சள் வெளிறிவிடும் என்பதால் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டவும் வேண்டாம். சாவுச் செய்திக்கு மூலையில் கறுப்பு மை. அதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் டின்னில் கல்யாணக் கடிதங்கள் நிறைய இருந்து, இழவுக் கடிதம் ஒன்றுகூட இல்லையென்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

நீலக் கடிதங்களில் ஓரமெல்லாம் ஏன் எழுதியிருக்கிறது?

ஏரோகிராம். ஒரே தாள், அதையே மூன்றாக மடித்து ஒட்டினால் உறை. தபால்தலை அச்சிலேயே இருக்கும். உள்ளே வேறெதுவும் வைக்கக் கூடாது என்பது விதி. தபால் செலவு குறைவு, இடமும் குறைவு. இந்த இடப் பஞ்சம்தான் அதன் அழகுக்குக் காரணம்.

என் அத்தை எழுதியதில் ஒன்று இப்போது என் முன்னால் இருக்கிறது. முதல் மடிப்பில் வரிக்கு வரி விரல் அகலம் இடைவெளி, முத்து முத்தான எழுத்து. இரண்டாம் மடிப்பின் நடுவில், இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எழுத்து சுருங்குகிறது. மூன்றாம் மடிப்பில் எள் அளவு. அதற்கும் பிறகு தாளைத் திருப்பி இடது ஓரத்தில் மேல்நோக்கி ஒரு வரி, வலது ஓரத்தில் கீழ்நோக்கி ஒரு வரி. கடைசியில் பசை தடவும் மடலின் முக்கோணத்தில், ஒட்டினால் பாதி மறையும் இடத்தில், ‘தம்பிக்கு முன்பல் விழுந்துவிட்டது’. வாடகை, வயல், வழக்கு எல்லாம் நல்ல இடத்தில் அகலமாக உட்கார்ந்திருக்க, அப்பா அந்தக் கடிதத்திலிருந்து எங்களுக்குப் படித்துக் காட்டியது அந்த முக்கோணத்தை மட்டும்தான்.

இந்தக் கடிதங்களில் அவசரமாகப் பிரித்து ஓரம் கிழிந்தவை அதிகம். டின்னின் அடியில் நீல நிறத்தில் துண்டு துணுக்கு கிடந்தால் குப்பை என்று கொட்டிவிடாதீர்கள். ஓரத்து வரிகள் அதில்தான் இருக்கும்.

ஒரே கடிதத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. ஏன்?

சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர். ஊரில் வாத்தியாரோ தபால்காரரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ எழுதித் தருவார்கள். சிங்கப்பூரிலும் கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடிப் பாதையில் மேசை போட்டு உட்கார்ந்து, காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். தொழிலாக எழுதியவர் கை பளிச்சென்று தெரியும். இடது ஓரம் நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும், ‘இப்படிக்கு’ என்பதன் கு-வுக்கு ஒரு நீண்ட வால் இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்காது.

அதற்குக் கீழே கோணல்மாணலாக ஒரு பெயர், அல்லது கைநாட்டு. சொன்னவர் தாளைத் தொட்டது அந்த ஓர் இடத்தில்தான். பாட்டிகளின் கைநாட்டை அவமானமாக நினைத்து மறைக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கென்னவோ ரேகை தெளிவாக விழுந்த கைநாட்டைவிட அழகான கையொப்பம் இருப்பதாகத் தோன்றவில்லை.

உறையில் ஆங்கில முகவரி மட்டும் குழந்தை எழுதியது போல இருக்கிறதே?

ஆங்கிலம் தெரியாதவர் பார்த்து வரைந்தது. சிங்கப்பூரிலிருந்து போன கடிதத்தில் அனுப்புநர் முகவரி இருக்கும். அதை முன்னால் வைத்துக்கொண்டு கோலம் போடுவது போல ஒவ்வொரு எழுத்தாக வரைவார்கள். பத்து வருடத்து உறைகளை அடுக்கினால் சிராங்கூன் ரோடு எப்படியெல்லாம் உருமாறியிருக்கிறது என்று பார்க்கலாம். ஓர் எழுத்துக்கு ஒரு கால் கூடும், இன்னொன்று திரும்பி நிற்கும். அப்படியிருந்தும் எல்லாம் வந்து சேர்ந்தன. தபால்காரர்களுக்குக் கோடி நமஸ்காரம்.

மை பழுப்பாக இருக்கிறது. சில கடிதங்களில் ஊதா. ஏதாவது அர்த்தம் உண்டா?

பழுப்பு என்றால் பெரும்பாலும் இரும்பு கலந்த மை. ஊரில் கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். அந்தக் காலத்தில் கடையில் வாங்கிய நீலக்கறுப்பு மையிலும் பெரும்பாலும் இரும்பு இருந்தது. எழுதும்போது கறுப்பு, காலப்போக்கில் துருவின் நிறம். இந்த மை தாளை அரிக்கும். அழுத்தி எழுதிய எழுத்துகள் ஜன்னல் மாதிரி ஓட்டையாகி உதிர்வதைப் பார்க்கலாம். அத்தகைய தாளை மடித்து மடித்துப் பிரிக்காதீர்கள்.

ஊதா காப்பியிங் பென்சிலாக இருக்கலாம். காய்ந்த நிலையில் சாம்பல் நிறம். ஈரம் பட்டால் ஊதா. எச்சில் தொட்டு எழுதுவார்கள். ஊதாச் சொட்டு விழுந்த இடமெல்லாம் கண்ணீர் என்று கதை கட்ட வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது வியர்வையாகவும் இருக்கலாம், காப்பியாகவும் இருக்கலாம்.

பால்பாயிண்ட் பேனாவில் அழகு குறைவு என்பது என் அபிப்பிராயம். தமிழ் எழுத்தின் வளைவில் நிப்பு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். பால்பாயிண்டில் எல்லாம் ஒரே கம்பி. ஆனால் அதற்கும் ஒரு நன்மை உண்டு. மை மங்கிப்போனாலும் அழுத்திய தடம் நிற்கும். இருட்டறையில் டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள். பள்ளமெல்லாம் நிழலாகி எழுத்து எழுந்து வரும்.

தேதியே இல்லை. எந்தக் காலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகவரியைப் பாருங்கள். ‘சிங்கப்பூர்-8’ என்பது போல ஒன்றிரண்டு இலக்கம் இருந்தால் 1950-க்குப் பின். நான்கு இலக்கம் 1979-இலிருந்து, ஆறு இலக்கம் 1995-இலிருந்து. இந்தியப் பக்கம் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். தபால்தலையில் அணா இருந்தால் 1957-க்கு முந்தியது, நயா பைசா என்றால் அதற்குப் பிந்தியது. ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முன். ஆனால் பழக்க தோஷத்தில் அதற்குப் பிறகும் எழுதியவர்கள் உண்டு.

போர் தொடங்கிய 1939-க்குப் பிறகு வந்தவற்றில் தணிக்கை முத்திரை இருக்கலாம். சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரி முதல் 1945 வரை டின்னில் வெற்றிடம் இருந்தால், ஏதோ தொலைந்துவிட்டது என்று தேட வேண்டாம். ஊருக்கும் இங்கேயும் தொடர்பே அறுந்திருந்தது.

எங்கள் நன்னியின் (பாட்டியின்) கடிதங்கள் அரபியில் இருக்கின்றன. ஆனால் அவருக்கு அரபி பேசத் தெரியாதாம்.

அது அரபுத் தமிழாக இருக்கும். எழுத்து அரபி, மொழி தமிழ்; வலமிருந்து இடமாக ஓடும். தமிழ் ஒலிகளுக்காக அரபி எழுத்தில் கூடுதல் புள்ளிகள் வைத்திருப்பார்கள். முஸ்லிம் பெண்கள் பலர் மதரசாவில் கற்ற அந்த எழுத்திலேயே கடிதம் எழுதினார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த, வீட்டில் தமிழ் பேசும் ஒரு பெரியவரிடம் கொடுத்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் படிக்க, நீங்கள் கேட்க, உங்கள் நன்னியின் பேச்சு வழக்கே வந்து விழும்.

தபால்தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பின்பக்கத்தில் ஒரு வரி போய்விடும். முத்திரையில் இருக்கும் தேதியும் போய்விடும். சின்ன வயதில் நானே வெட்டியிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

எப்படிப் பாதுகாப்பது? லேமினேட் செய்தால் என்ன?

லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். நான் பட்டவன். என் அப்பாவின் கடிதம் ஒன்றை, நல்லது செய்வதாக நினைத்து, ஒரு கடையில் கொடுத்தேன். சூடு பட்டதும் பழைய மடிப்பு சுருங்கி, நடுவில் காற்றுக் குமிழோடு ஒட்டிக்கொண்டது. இனி அந்தத் தாளைத் தொடவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம், பத்து வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தை விழுங்கிவிடும்.

குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி இருந்தால் முதலில் எடுங்கள். துரு பரவும். கடிதத்தை விரித்து, அமிலம் இல்லாத தாளுக்கு இடையிலோ பாலியெஸ்டர் உறையிலோ தட்டையாக வையுங்கள். சாதாரண பிவிசி உறை கூடாது. நம் ஊர் ஈரப்பதம் பல நாள் 80 விழுக்காட்டைத் தாண்டும். பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் காத்துக்கொண்டிருக்கும். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், ஸ்டோர் ரூமும் வேண்டாம். சிலிக்கா ஜெல் பை போட்டால் அவ்வப்போது மாற்றுங்கள். பிஸ்கட் டின்னைப் பற்றிக் கேட்டால், உள்ளே துரு இல்லாவிட்டால் எனக்கு அதன்மேல் கோபமில்லை. இத்தனை வருடம் காப்பாற்றியது அதுதானே.

ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தைப் போட்டுவிடலாமா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இடமில்லை.

ஒரு டின்னுக்கு இடமில்லாத வீடு இன்னும் கட்டப்படவில்லை. ஸ்கேன் கட்டாயம் செய்யுங்கள்: வண்ணத்தில், 600 டிபிஐயில், வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தையும் சேர்த்து. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மஞ்சளும் துருவும் ஒரே சாம்பலாகிவிடும். மூலத்தைப் பழைய சாமான் வாங்க வரும் காராங் குனிக்காரரிடம் போட வேண்டாம். உங்களுக்குப் பின் பார்க்க ஆளில்லை என்றால் தேசிய நூலகத்திடமோ தேசிய ஆவணக் காப்பகத்திடமோ இந்திய மரபுடைமை நிலையத்திடமோ கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. யார், எங்கிருந்து, யாருக்கு எழுதியது என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துக் கொடுத்தால் அவர்களுக்கு வேலை எளிது.

எல்லாக் கடிதத்தின் நடுவிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பூச்சியா?

கம்பி. அந்தக் காலத்தில் கடையிலும் வீட்டிலும் சுவரில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும், அடியில் ஒரு மரக்கட்டை. பில், ரசீது, கடிதம் எது வந்தாலும் படித்ததும் அதில் குத்திவிடுவார்கள். ஓட்டையைச் சுற்றி மெல்லிய துரு வளையம் இருந்தால் சந்தேகமே இல்லை. ஓட்டைகள் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தால், எது எதற்கு அடுத்து வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

என் தாத்தா சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். மேலே சொன்ன விய வருடத்துக் கடிதம் அந்தக் கடைக் கம்பியில் இருந்தது. போர் முடிந்து பாட்டியிடமிருந்து வந்த முதல் கடிதம் அது. எழுதியது யாரோ, கீழே பாட்டியின் கைநாட்டு. ஏழாவது வரியில், ‘இந்த வருஷம் ஊருக்கு வரவேண்’ வரை இருக்கிறது. பிறகு ஓட்டை. பிறகு ‘ம்’. வேண்டுமா, வேண்டாமா? தாத்தா அந்த வருடம் ஊருக்குப் போகவில்லை. கூப்பிட்டும் போகாத மனுஷன் என்று அப்பா கடைசிவரை அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா போன பிறகுதான் அந்தக் கடிதத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அதே கடிதத்தில் ‘வேண்டும்’ வேறு இரண்டு இடங்களில் வருகிறது. டு-வுக்கு எழுதியவர் எடுக்கும் அகலத்தை அளந்தேன். ஓட்டை விழுந்த இடம் அதைப்போல ஒன்றரை மடங்கு. டு-வின் கடைசிக் கோடு வளைந்து மேலே ஏறும். இங்கே ஓட்டையின் வலது விளிம்பில் மயிரிழை அளவுக்கு மை மிஞ்சியிருக்கிறது, நேராகக் கீழே இறங்கி நிற்கிறது. அது கால். வரவேண்டாம் என்றுதான் பாட்டி எழுதச் சொல்லியிருக்கிறார்.